நகையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி இது: தாத்தா நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தார். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது துரைசாணி பாட்டிக்கு ஒரு ப்ரூச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகை, கொடுத்துவிட்டுப் போனார். பிறை வடிவம், வரிசையாகச் சின்னச் சின்ன முத்துகள், பின்னால் '15' என்று பொடி எண்ணில் முத்திரை. இது எந்தக் காலத்துப் பாணி? ஐரோப்பிய நகைகள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எப்படி மாறின, ஏன் மாறின?

ப்ரூச்சுக்குக் கடைசியில் வருகிறேன். ஐரோப்பிய நகையின் காலத்தைக் கண்டுபிடிக்க அதன் முகத்தை நம்பாதீர்கள், திருப்பிப் பாருங்கள். பழைய பாணியைத் திரும்பச் செய்வது அங்கே அடிக்கடி வந்துபோகும் ஒரு மோகம். 1860-களில் ரோமில் செய்த கம்மல் 2500 ஆண்டு பழைய கம்மல் போலவே இருக்கும். ஆனால் கல்லை எப்படிக் கட்டினார்கள், எந்த உலோகம், எப்படிப் பற்றவைத்தார்கள், கொக்கி எப்படி என்பதெல்லாம் பின்பக்கத்தில் இருக்கும். அங்கே யாரும் மெனக்கெட்டு வேஷம் போடுவதில்லை. பாணிகள் ஏன் மாறின என்பதற்கும் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது: என்ன கல் கிடைத்தது, எந்த வெளிச்சத்தில் அணிந்தார்கள், எந்த உலோகத்தை உருக்க முடிந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய நகையை அழித்துப் புதிதாகச் செய்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய அரச குடும்பங்கள் தலைமுறைக்கு ஒரு முறை அழித்தன. போர் வந்தால் உருக்கின, கடன் வந்தால் விற்றன. இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் மிகப் பழைய நகைகளில் பெரும்பாலானவை கல்லறையில் புதைந்தவை, அல்லது யாரோ ஒளித்துவைத்துவிட்டுத் திரும்பி வராதவை. ரோமில் லொல்லியா பவ்லினா என்ற சீமாட்டி ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) மதிப்புள்ள மரகதமும் முத்தும் போட்டு வந்ததாகவும், கேட்டால் காட்டக் கணக்குச் சீட்டும் தயாராக வைத்திருந்ததாகவும் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ரோமானியர்கள் விரும்பிய முத்துகளில் நம் மன்னார் வளைகுடா முத்தும் உண்டு. கொற்கை முத்துக்குளிப்பைப் பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல் வழி நூல் குறிப்பிடுகிறது. அந்தச் சீமாட்டியின் நகையில் இன்று ஒன்றுகூட இல்லை. பில்லைப் பற்றிய பேச்சுதான் மிச்சம்.

ரோமப் பேரரசு சரிந்த பிறகு வந்த ஃபிராங்க், ஆங்கிலோ-சாக்ஸன் கூட்டங்களைக் காட்டுமிராண்டிகள் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அவர்கள் செய்த நகையைக் கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் நின்று பார்த்தால் அந்தச் சொல் வாயில் வராது. இங்கிலாந்தின் சஃபோக்கில் சட்டன் ஹூ என்ற இடத்தில் 1939-ல் ஒரு கப்பல் புதைகுழியைத் தோண்டினார்கள். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தது. அதில் கிடைத்த தோள் கொக்கிகளில் தங்கத் தகட்டைச் சுவர் போல நிறுத்திச் சின்னச் சின்ன அறைகள் கட்டி, ஒவ்வோர் அறைக்கும் அளவாகச் சிவப்பு கார்னெட் கல்லைத் தகடாக அறுத்துப் பதித்திருக்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கார்னெட் அடர் சிவப்பு, அடியில் ஒன்றுமில்லை என்றால் கறுப்பாகத் தெரியும். அதனால் கல்லுக்கு அடியில் தங்க ரேக்கு, அதாவது தாள் போல மெல்லிய தகடு, வைத்தார்கள். அதையும் சும்மா வைக்காமல், நுண்ணிய குறுக்குக் கோடுகளை அச்சாக அழுத்தி வைத்தார்கள். வெளிச்சம் உள்ளே போய் அந்தக் கோடுகளில் பட்டுச் சிதறித் திரும்பும்போது கல் கனல் மாதிரி எரியும். இந்தக் காலத்துக் கார்னெட்டுகளை ஆய்வகத்தில் சோதித்தபோது பல கற்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் வெட்டியவை என்று தெரிந்தது. 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த வரத்து தேய்ந்து நின்றதும் பொஹேமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) சின்னக் கற்களைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பாணியும் மெல்ல மங்கியது.

இதே வகையில் இன்னொரு புதையல், ஃபிராங்க் அரசன் சில்டெரிக்கின் கல்லறை. கி.பி. 481 வாக்கில் இறந்தவர். 1653-ல் பெல்ஜியத்தின் டூர்னேயில் ஒரு கொத்தனாரின் கடப்பாரையில் அகப்பட்டது. தங்கமும் கார்னெட்டும் சேர்ந்த தேனீக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. நெப்போலியன் 1804-ல் முடிசூட்டு உடைக்குத் தேனீச் சின்னத்தை எடுத்தது இங்கிருந்துதான். 1831-ல் பாரிஸ் நூலகத்திலிருந்து திருடர்கள் கொண்டுபோய்ப் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பது இரண்டே தேனீ.

இடைக்காலத்தின் நடுப்பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். கல்லுக்குப் பட்டை தீட்டத் தெரியாத காலம் அது. உருட்டி மெருகேற்றி, நம் பவளம் மாதிரி மொட்டையாகவே பதித்தார்கள். வைரத்தை அதன் இயற்கையான கூம்பு முனையோடு வைத்தார்கள். யார் எதைப் போடலாம் என்று சட்டமும் இருந்தது. இங்கிலாந்தில் 1363-ல் வந்த ஒரு சட்டம், கைவினைஞர்களும் அவர்கள் மனைவி மக்களும் தங்கமோ வெள்ளியோ மணிக்கல்லோ அணியக் கூடாது என்றது. இப்படித் தடுக்க வேண்டிய அளவுக்கு அவர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சட்டம் சீக்கிரமே ரத்தானது.

15, 16-ஆம் நூற்றாண்டு மறுமலர்ச்சிக் காலத்தில் நகை ஒரு குட்டிச் சிற்பமாகிறது. கோணல்மாணலான ஒரு பெரிய முத்தைக் கடற்கன்னியின் உடலாக வைத்து, தலையும் வாலும் தங்கத்தில் வார்த்து, மேலே எனாமல் பூசிய பதக்கங்கள் வந்தன. இந்தப் பாணியை நான் ரசிப்பேன், ஆனால் லேசில் நம்ப மாட்டேன். காரணம் ரைன்ஹோல்ட் ஃபாஸ்டர்ஸ். ஜெர்மனியின் ஆஃகனில் 19-ஆம் நூற்றாண்டில் இருந்த பொற்கொல்லர், அங்குள்ள தேவாலயக் கருவூலத்துக்கு வேலை பார்த்தவர். அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு 1919-ல் வந்து சேர்ந்து சும்மா கிடந்தன. 1970-களின் இறுதியில் எடுத்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. பெரிய பெரிய சேகரிப்புகளில் மறுமலர்ச்சிக் காலத்துப் பொக்கிஷம் என்று வைத்திருந்த பொருள்களின் வடிவமைப்புகள் அதில் இருந்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினியின் கை வேலை என்று பெருமையாக வைத்திருந்த கிண்ணமும் ஃபாஸ்டர்ஸின் வேலை என்று ஆனது.

சந்தேகமே இல்லாத அசல் வேண்டும் என்றால் சீப்சைட் புதையலைத்தான் காட்டுவேன். 1912 ஜூன் மாதம் லண்டன் சீப்சைட் தெருவில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்த கூலியாட்களுக்கு நிலவறைத் தரைக்குக் கீழே மண்கட்டியோடு மண்கட்டியாக நகைகள் கிடைத்தன. இப்படிக் கிடைப்பதை வாங்கிக்கொள்வதற்கென்றே ஒரு வியாபாரி இருந்தார். ஜார்ஜ் ஃபேபியன் லாரன்ஸ், கூலியாட்கள் வைத்த பட்டப்பெயர் ஸ்டோனி ஜாக். நகைகள் துணியிலும் பையிலும் சுருட்டியபடி அவரிடம் போய்ச் சேர்ந்தன, அவர் வழியாக அருங்காட்சியகத்துக்கு. மொத்தம் ஏறக்குறைய 500 உருப்படி. ஏதோ ஒரு நகைக்கடையின் இருப்பு, 1640-க்கும் 1666-க்கும் இடையில் புதைத்தது. கீழ் எல்லையைச் சொல்வது ஒரு முத்திரைக் கல்: அதில் 1640-ல் உருவான ஸ்டாஃபோர்டு பிரபு பட்டத்தின் சின்னம் இருக்கிறது. மேல் எல்லை 1666-ன் பெருந்தீ, மேலே இருந்த கட்டடம் அதில்தான் எரிந்தது. புதைத்தவர் ஏன் திரும்பவில்லை என்று யாருக்கும் தெரியாது. அது உள்நாட்டுப் போரும் கொள்ளைநோயும் அடுத்தடுத்து வந்த காலம்.

நகைகளைப் பார்த்தால் உலக வரைபடம் மாதிரி இருக்கும். இலங்கை நீலம், இந்திய வைரம், கொலம்பியா மரகதம், பாரசீக வளைகுடா முத்து. அதில் ஒரு கடிகாரம்: கொலம்பியாவிலிருந்து வந்த ஒற்றை மரகதப் படிகத்தைக் குடைந்து, உள்ளே கடிகார இயந்திரத்தை வைத்து, மரகதத்திலேயே மூடியும் போட்டிருக்கிறார்கள். அந்த அளவு மரகதத்தைக் குடையும்போது ஒரு விரிசல் ஓடினால் முழுக் கல்லும் போச்சு. மரகதத்தில் கை வைத்த எந்த ஆசாரியைக் கேட்டாலும் அந்தப் பயத்தைச் சொல்வார். கூடவே எளிய சங்கிலிகளும் உண்டு, வெள்ளை எனாமல் பூவும் பச்சை இலையுமாக. பணக்கார வியாபாரி வீட்டுப் பெண்கள் அன்றாடம் போட்டவை. எனக்குக் கடிகாரத்தைவிட அந்தச் சங்கிலிகள்தான் பிடிக்கும். அந்த மாதிரி நகையை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, முதலில் உருக்குவது அதைத்தான்.

அப்புறம் மெழுகுவத்தி வருகிறது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 18-ஆம் நூற்றாண்டிலும் பெரிய மனிதர்களின் வாழ்க்கை இரவுக்கு நகர்ந்தது. விருந்து, நாட்டியம், நாடகம் எல்லாம் மெழுகுவத்தி வெளிச்சத்தில். அந்த ஆடும் மஞ்சள் சுடரில் எனாமல் சித்திரம் யார் கண்ணுக்கும் தெரியாது, வைரம் தெரியும். தங்க வேலையின் இடத்தைக் கல் பிடித்தது. வைரத்தில் முதலில் தட்டை அடியும் மேலே கோபுரம் மாதிரிப் பட்டைகளும் கொண்ட ரோஸ் கட், பிறகு மேலும் கீழும் பட்டை தீட்டிய பிரில்லியன்ட். வைரம் வந்தது பெரும்பாலும் நம் கோல்கொண்டா பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து. 1720-களில் பிரேசிலில் கிடைக்கும்வரை ஐரோப்பாவுக்கு இந்தியாவை விட்டால் வேறு பெரிய வழி கிடையாது. 1668-ல் தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி மன்னர் பதினான்காம் லூயிக்கு விற்ற நீல வைரத்தை வெட்டிச் சுருக்கி அரச நகையாக்கினார்கள். 1792 செப்டம்பரில் புரட்சிக் கலவரத்துக்கு நடுவே அது திருடு போனது. அதையே மறுபடி வெட்டியதுதான் இன்று வாஷிங்டனில் இருக்கும் 45.52 காரட் ஹோப் வைரம்.

அந்தக் கால நகையைத் திருப்பினால் பின்பக்கம் மூடியிருக்கும். நம் கடைகளில் க்ளோஸ் செட்டிங் என்று சொல்வார்களே, அதேதான். கல்லுக்கு அடியில் ரேக்கு வைத்து, உலோகத்தால் முழுக்க அடைத்துவிடுவார்கள். வைரத்தை வெள்ளியில் கட்டினார்கள், தங்கத்தின் மஞ்சள் கல்லில் ஏறும் என்பதால். வெள்ளி கறுத்து உடையில் கறை ஒட்டியதால், நாளடைவில் முகத்துக்கு வெள்ளியும் முதுகுக்குத் தங்கமுமாகச் செய்தார்கள். பூ வடிவ ப்ரூச்சில் பூவுக்கு அடியில் சுருள் கம்பி வைத்ததும் அப்போதுதான். பெண் மூச்சு விட்டாலே பூ நடுங்கும், வெளிச்சம் சிதறும். மூன்று சொட்டுகள் தொங்கும் கனமான கம்மலுக்கு 'ஜிராண்டோல்' என்று பெயர், கொத்து மெழுகுவத்தித் தாங்கிக்கும் அதே பெயர்தான். வைரம் வாங்க முடியாதவர்களுக்குப் பாரிஸில் ஸ்ட்ராஸ் என்ற நகைக்காரர் ஈயக் கண்ணாடியில் பளபளக்கும் கல் செய்து கொடுத்தார். இதில் வேடிக்கை, அரச குடும்பமே அவருடைய வாடிக்கை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்பக்கம் மூடிய பழைய நகையைத் தண்ணீரில் போடவே போடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கெம்புக்கல் அட்டிகையைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் எடுத்துப் பார்த்தால் ஏழு கல் செத்துப்போயிருந்தன. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாக ஈரம் உள்ளே போய் ரேக்கு கறுத்துவிட்டது. லண்டனில் 1760-ல் செய்த நகைக்கும் அதே கதிதான்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வைரம் போட்டுத் தெருவில் நடப்பது ஆபத்தானது. நெப்போலியன் வந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார், ரோமானிய பாணியில், கேமியோ என்ற புடைப்பாகச் செதுக்கிய உருவமும் தலைக்கு டயராவுமாக. ஆனால் அந்தக் காலத்து நகைகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது பிரஷ்யா என்ற ஜெர்மன் நாட்டின் இரும்பு நகை. 1813-ல் நெப்போலியனுக்கு எதிரான போருக்குப் பணம் இல்லை. அரச குடும்பத்துப் பெண்கள் வேண்டுகோள் விட, பெண்கள் மோதிரமும் சங்கிலியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பதிலுக்கு வார்ப்பிரும்பு மோதிரம் கிடைத்தது, 'தங்கம் கொடுத்தேன் இரும்புக்காக' என்ற பொருள் தரும் ஜெர்மன் வரியோடு. கறுப்புப் பூச்சில், சரிகை பின்னல் மாதிரி அவ்வளவு மெல்லிய வேலை. போர் முடிந்த பிறகும் அந்த இரும்புக்கு மவுசு குறையவில்லை. இரும்பு போட்டவள் தங்கம் கொடுத்தவள் என்று ஊருக்கே தெரியும் அல்லவா!

விக்டோரியா காலம் நீளமானது, ஒரே பாணி என்று சொல்ல முடியாது. இளமையில் கொஞ்சல். ரூபி, எமரால்ட், கார்னெட், அமெதிஸ்ட், மறுபடி ரூபி, கடைசியில் டைமண்ட் என்று வரிசையாகக் கல் பதித்த மோதிரத்தின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ரிகார்ட்', அன்பு என்று அர்த்தம். 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் அரசி கறுப்புக்கு மாறினார், நாடே பின்தொடர்ந்தது. யார்க்‌ஷயர் கடற்கரையில் விட்பி என்ற ஊரில் கிடைக்கும் ஜெட், அதாவது கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் புதைந்து கறுத்த மரம், துக்க நகையாக விற்றுத் தீர்ந்தது. கைக்குக் கனமே இருக்காது, தொட்டால் குளிராது. 'பிரெஞ்சு ஜெட்' என்ற பெயரில் வருவது வெறும் கறுப்புக் கண்ணாடி, கனமாக, சில்லென்று இருக்கும். இறந்தவரின் தலைமுடியைப் பின்னி லாக்கெட்டில் வைப்பதும் அப்போது பரவலாக இருந்தது. நமக்கு ஒரு மாதிரியாக இருக்கும், அவர்களுக்கு அது பாசம். சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் செய்த 'சுவாமி' நகைகள் துரைமார் வீடுகளில் புகழ்பெற்றதும் இந்தக் காலத்தில்தான், நம் கோயில் தெய்வ உருவங்களே அவர்கள் பெண்களின் ப்ரூச்சிலும் வளையலிலும்.

ரோமில் கஸ்தெல்லானி என்ற நகைக்காரக் குடும்பம், ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களின் கல்லறை நகைகளைப் பார்த்து அதே போலச் செய்யக் கிளம்பியதும் 19-ஆம் நூற்றாண்டில். 1836-ல் செர்வெத்தேரியில் திறந்த ஒரு கல்லறை அந்த ஆசையைத் தூண்டியது. எட்ருஸ்கர்கள் கால் மில்லிமீட்டரும் இல்லாத தங்க மணிகளை ரவை தூவினது போலத் தகட்டில் ஒட்டியிருந்தார்கள். சாதாரணப் பொடி, அதாவது பற்றவைக்கும் கலப்பு உலோகம், வைத்துப் பற்றினால் அது உருகி மணிகளுக்கு நடுவே குளம் கட்டும், ரவை ரவையாகத் தெரியாது. கஸ்தெல்லானிகள் ஆயுள் முழுக்க முயன்றும் பழையவர்களை எட்டவில்லை. 1933-ல்தான் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். செம்பு உப்பைப் பசையில் கலந்து மணியை ஒட்டிச் சூடாக்க வேண்டும். பசை கரியாகி, செம்பு உப்பை உலோகச் செம்பாக்கும். அந்தத் துளிச் செம்பு தொடும் இடத்தில் மட்டும் தங்கத்தின் உருகுநிலை இறங்கி, மணி தானாகவே ஒட்டிக்கொள்ளும். இப்போது உங்களிடம் 'எட்ருஸ்கன்' கம்மல் ஒன்று வந்தால் பூதக்கண்ணாடியில் அந்த மணிகளின் கால்மாட்டைப் பாருங்கள்.

1867-ல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்ததும் கதை மாறுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் 'ப்ளூ ஜாகர் தோடு' என்று சொல்வது அங்குள்ள யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயரால்தான். கல் தாராளமானது, மின்விளக்கு வந்தது. பின்பக்கமோ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திறக்கத் தொடங்கியிருந்தது. அடுத்தது பிளாட்டினம். தங்கம் 1064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 வேண்டும், பழைய ஊதுகுழலுக்கு அது எட்டாது. ஆக்சிஜன் கலந்த சுடர் பட்டறைக்கு வந்த பிறகுதான் பாரிஸ் நகைக்கடையான கார்ட்டியே போன்றவர்கள் 1900-ஐ ஒட்டி மலர்ச்சரம் போன்ற வைர வேலையைச் செய்ய முடிந்தது. பிளாட்டினம் கறுக்காது, நூல் மாதிரி இழுத்தாலும் கல்லை விடாது. வெள்ளியின் காலம் அதோடு முடிந்தது.

அதே நேரத்தில் பாரிஸில் ரெனே லாலிக் இதற்கு நேர் எதிராகப் போனார். மாட்டுக் கொம்பு, கண்ணாடி, ஒளி ஊடுருவும் எனாமல் என்று விலை மலிவான பொருள்களில் செய்தார். லிஸ்பனில் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் அவருடைய தட்டான்பூச்சிப் பெண் இருக்கிறாள். ஓர் உள்ளங்கையைவிடப் பெரிய மார்பணி, தட்டானின் வாயிலிருந்து பெண்ணின் உடல் வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று சொல்ல முடியாது. கீழே பிராணியின் நகங்கள். இதை யார் துணிந்து குத்திக்கொண்டு வெளியே போயிருப்பார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. முதல் உலகப் போரோடு இந்தப் பாணி ஓய்ந்தது. பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள், காது வெளியே தெரிந்தது, கம்மல் நீண்டது. 1925 பாரிஸ் கண்காட்சியின் பெயரால் ஆர்ட் டெக்கோ என்று சொல்லும் நேர்கோட்டு நகைகள் வந்தன. 1911 டெல்லி தர்பாருக்கு வந்த ஜாக் கார்ட்டியே தொடங்கிவைத்த இந்தியத் தொடர்பால் இலையும் பழமுமாகச் செதுக்கிய நம் மரகதமும் மாணிக்கமும் அதில் இடம்பிடித்தன.

சரி, பாட்டியின் ப்ரூச். இங்கிலாந்தில் 1854-ல் 9, 12, 15 காரட் தங்கத்துக்கு முத்திரை அனுமதித்தார்கள். 1932-ல் 12-ஐயும் 15-ஐயும் எடுத்துவிட்டு 14 கொண்டுவந்தார்கள். ஆகவே 15 என்றாலே இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில். பிறை வடிவமும் அரை முத்து (பாதியாக அறுத்த முத்து) வரிசையும் 1880 முதல் 1910 வரை கொடிகட்டிப் பறந்தவை. பின்பக்கக் கொக்கி பூட்டு இல்லாமல் வெறும் வளைந்த கம்பியாக, ஊசி நகையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் 1900-க்கு முன்னால் என்று சொல்லலாம். உருளும் பூட்டு இருந்தால் பெரும்பாலும் 1900-க்குப் பின்னால், அல்லது யாரோ பழுது பார்த்தபோது மாற்றியது. மாற்றியிருந்தால் பற்றவைத்த இடத்தில் நிறம் வேறாக இருக்கும், பாருங்கள். கடையில் கொடுத்தால் 62.5 சதவீதத் தங்கம் என்று எடை போட்டு அழிக்கச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். முத்துகள் ஒட்டியவையாக இருக்கும், தண்ணீர் வேண்டாம், உலர்ந்த பருத்தித் துணி போதும்.